ஏலக்காரருக்கு ஒன்பது சொல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனம்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாமாவுக்கு எப்படி இருக்கிறது?

மின் நிலையத்தில் எல்லாம் பழையபடிதான். கன்ட்ரோல் அறைத் திரைகளில் கொதிகலனின் சூடும் நீராவியின் அழுத்தமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணில் நிற்பது மட்டும் கட்டிலில் கிடக்கிற மாமா. பழைய மரச்சாமான் ஏலக்கூடத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் போகிற குரல் அது. அவர் 'ஒருதரம்' என்றால் இருமல்காரன்கூட இருமலை விழுங்கிக்கொள்வான். பக்கவாதம் வந்து உன் வீட்டுக்காரரின் நாக்கையா கட்டிப்போட வேண்டும்?

டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "புத்தி பளிச்சுன்னு இருக்கு. நீங்க பேசறது அத்தனையும் புரியுது. நாக்கும் வலது கையும்தான் போச்சு. இடது கையில ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேக்குது" என்றார். எனக்கு அந்த ஒரு விரல் போதும் அக்கா. ஒரு விசையை அழுத்த ஒரு விரல்தான் வேண்டும்.

என் பழைய கம்ப்யூட்டர் உன் வீட்டுப் பின்னறையில்தான் கிடக்கிறது. அதில் சி என்கிற புரோகிராம் மொழிக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. மாமாவுக்காக ஒரு புரோகிராம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புரோகிராமைப் பதிந்து கொடுக்கலாம் என்றால், இங்கே பிளாப்பித் தகட்டை வாசல் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். காகிதத்துக்குத் தடையில்லை. நீதான் அடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் உன் ஆபீசில் உன் வேகத்துக்குத் தட்டச்சு செய்ய ஆள் இருந்ததா?

பயப்படாதே, விஷயம் எளிது. மாமா விசையை அழுத்துவது உள்ளீடு. திரையில் சொல் வருவது வெளியீடு. நடுவில் நடப்பதை நான் பார்த்துக்கொண்டேன். சொற்கள் மட்டும் தனியாக ஒரு கோப்பில் இருக்கும்; ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்தோ எண்ணோ குறியோ, அதற்குரிய சொல். நம் எழுத்து அந்தத் திரையில் வராது. அதனால் நம் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். நாற்பது சொற்கள் எழுதி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் அடித்து முடித்ததும் pesu sol.txt என்று கொடு. நாற்பது சொல்லும் திரையில் வரிசையாகத் தெரியும். pesu என்பது புரோகிராமின் பெயர். அதன் பின்னால் வருவது, கடைக்குப் போகிறவன் கையில் கொடுத்தனுப்புகிற சீட்டு மாதிரி: எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று அது சொல்லும்.

போனில் நீ 'ம்', 'சரி' என்பதற்கு மேல் பேசவே இல்லை. சீக்கிரம் எழுது.

உன் வாண்டு

---

பிப்ரவரி 3

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதே.

போன் உன் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ கேட்பதும் நான் சொல்வதும் அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். ஆகவே போன் பண்ணாதே. எழுது.

மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். கெட்டிக்காரி. புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது எல்லாம் அவள்தான். நான் ஊட்டிவிடுகிறேன். ஊட்டும்போது என் முகத்தையே பார்க்கிறார். நான் கிண்ணத்தைப் பார்க்கிறேன்.

நீ அனுப்பியதை இன்னும் அடிக்கவில்லை. பின்னறையில் மேசைமேல் பழைய துணிமூட்டைகள். எடுத்து வைக்க வேண்டும். பிளக் வேறு சுவரில் பொருந்தவில்லை. பார்க்கிறேன்.

மற்றபடி வீடு அமைதியாக இருக்கிறது. பின்பக்கக் குழாய் சொட்டுகிறது. எத்தனை வருஷமாகச் சொட்டுகிறதோ தெரியாது, போன வாரம்தான் என் காதில் விழுந்தது. நன்றாகத் தூங்குகிறேன். இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன் அக்கா

---

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. நான் நலம். நீ தூங்குகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். ஆனால் பிளக் பொருந்தவில்லை என்று ஒரு காரணமா? மூலைக்கடையில் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் ஆள் வந்து மாற்றிக் கொடுப்பான்.

கோபிக்காதே. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாயாலேயே வாழ்ந்தவர் அவர். தாகம் எடுத்தால் சொல்ல முடியாது, வெளிச்சம் கண்ணைக் குத்தினால் சொல்ல முடியாது. இங்கே சக ஊழியன் ஒருவன், "ஏன்டா, திரையைப் பாக்காம சுவத்தைப் பாக்கிறே?" என்று கேட்டுவிட்டான்.

புரோகிராமைப் பார்த்து மலைக்கிறாயோ என்று தோன்றியது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ அடிக்கிற கட்டளையில் எத்தனை சொல் இருக்கிறது என்று அது முதலில் எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கைக்குப் பெயர் argc. சொற்களை வரிசையாக argv என்ற இடத்தில் வைத்துக்கொள்ளும். வரிசை பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யத்தில் இருப்பது அதன் சொந்தப் பெயர். ஒன்றில் இருப்பதுதான் நீ கொடுத்த கோப்பு. யாருமே எதுவுமே கொடுக்காவிட்டாலும் அதன் பெயராவது அதனிடம் இருக்கும்.

அடித்துவிட்டு, திரையில் என்ன வந்தது என்று ஒரு வரி எழுது. உன் கைவலி எப்படி இருக்கிறது?

உன் வாண்டு

---

மார்ச் 8

அன்புள்ள வாண்டுக்கு,

நலம். கைவலி குறைந்திருக்கிறது. உனக்குச் சளி பிடித்திருந்ததே, போயிற்றா?

அடித்தேன். முதல் தடவை, அரைப்புள்ளி இல்லை, அடைப்பு மூடவில்லை என்று திரை முழுக்கக் குற்றப்பத்திரிகை வாசித்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பழைய வேகம் இல்லை. ஆனால் விரல்களுக்கு இடம் மறக்கவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம்.

பிறகு pesu sol.txt என்று கொடுத்தேன். நாற்பது சொல்லும் வரிசையாகத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, எதுவும் தெரியவில்லை. சிரிக்கிற முகங்கள், சீட்டுக்கட்டுக் குறிகள், கோடுகள் என்று மளமளவென்று கொட்டியது. போதாக்குறைக்கு 'பீப் பீப்' என்று ஊரைக் கூட்டியது. சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டேன். கூடத்தில் உன் மாமா கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். போய்ப் பார்த்தேன். கண்ணாலேயே, என்ன சத்தம் என்று கேட்டார். "ரேடியோ ரிப்பேரு" என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருப்பது அதன் சொந்தப் பெயர் என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, புரோகிராமில் நீயே argv[0] என்று எழுதியிருக்கிறாய். கோப்பைத் திறக்கச் சொன்னால் அது தன்னையே திறந்து தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டியிருக்கிறது. ஒன்று என்று மாற்றினேன். சொற்கள் வந்தன.

இன்னும் ஒரு கோளாறு. ஓர் எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால் சொல் வருகிறது. உடனே அடுத்த வரியில் 'புரியவில்லை' என்றும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதைச் சரிசெய்யாமல் அவரிடம் காட்ட வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு செய்தி. பக்கத்துத் தெரு அச்சகத்தில் தட்டச்சுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். காலையில் கொஞ்ச நேரம் போய் வருகிறேன். அவரிடம் கடைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா

---

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததற்கு உன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். இங்கே யாரிடமும் சொல்லவில்லை, என் மானம் போய்விடும்.

அந்த 'புரியவில்லை' சின்ன விஷயம். என்டரும் ஒரு விசைதான். அதையும் ஓர் எழுத்தாகப் படித்துவிட்டு, பட்டியலில் இல்லையே என்று அது முழிக்கிறது. படித்த பிறகு, வரி முடிகிற வரைக்கும் வருவதையெல்லாம் தூக்கிப்போடச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். இத்துடன் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இந்தக் கோளாறோடே காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை? நீ வேண்டாம் என்று சொல்லியும் நேற்று மனசு கேட்காமல் போன் பண்ணினேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். "அம்மா கடைக்குப் போயிருக்காங்க, ஐயா முழிச்சுத்தான் இருக்காரு" என்றாள். மாமா காதில் வைக்கச் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது. "மாமா, நான்தான். அக்கா அந்தப் பேசற மெஷினைக் காட்டினாளா?" என்று கேட்டேன். கம்பியில் படபடவென்று தட்டுகிற சத்தம். பிறகு அந்தப் பெண், "ஐயா அழறாருங்க, வச்சிடறேன்" என்றாள்.

அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன். தயவுசெய்து காட்டிவிடு.

உன் வாண்டு

---

ஏப்ரல் 4

வாண்டுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அவரிடம் சொன்னது சரியில்லை. என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டிக் கம்பியைத் தட்டினார். விடாமல் தட்டினார்.

மறுநாள் மேசையோடு தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே வைத்தேன். அவர் விரல் விசைகளைத் தேடிப் போய் t-யில் நின்றது. 'தண்ணீர்' என்று வந்தது. கொடுத்தேன். குடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி 'தண்ணீர்'. ஐந்தாறு தடவை. தாகத்துக்கு இல்லை, சொல்லிப் பார்ப்பதற்கு.

ஒரு கூத்து கேள். அடுத்த நாள் v-யை அழுத்தினார். திரையில் vali. பதறிப்போய், "எங்க வலிக்குது? நெஞ்சா? முதுகா?" என்று தடவித் தடவிக் கேட்டேன். தலையை ஆட்டுகிறார், மறுபடி v. அந்தப் பெண்தான், "அம்மா, நீங்க ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வழி விடச் சொல்றாரு" என்றாள். நான் வலிக்கு எழுதியதை அவர் வழிக்கு எடுத்துக்கொண்டார். நகர்ந்தேன். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

ஏலக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் சொன்னார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர், பசி, வலி, குளிர், வெளிச்சம், பாத்ரூம், ஆமாம், இல்லை, போதும். கட்டிலில் இருப்பவருக்கு இது போதும் என்று வைத்திருக்கிறேன். வேறு விசைகளையும் அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் 'புரியவில்லை' என்று வருகிறது. இருந்தாலும் விடுவதில்லை.

அக்கா

---

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா சிரித்தார் என்று படித்ததும் இங்கே ஆளைக் கூப்பிட்டுச் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் போன் பண்ணியது தப்புதான், மன்னித்துக்கொள்.

ஒன்று கேட்கலாமா? நான் அனுப்பியது நாற்பது சொல். நீ எழுதியிருப்பது ஒன்பது. 'வா' இல்லை, 'உட்கார்' இல்லை, 'ஏன்' இல்லை. அவர் உன்னைக் கூப்பிட நான் எழுதியிருந்த 'வீட்டுக்காரி'யும் இல்லை. கோப்பில் இடம் போதவில்லையா? நூறு வரிக்கு மேலும் தாங்குமே.

சரி, இனி அந்தக் கஷ்டமே வேண்டாம். புதிதாக ezhuthu என்று ஒன்று எழுதியிருக்கிறேன். இது ஓர் எழுத்தோடு நிற்காது. முழு வரியையும் வாங்கிக்கொள்ளும். மாமா எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எழுத்துக் கூட்டி அடிக்கலாம். ஒரு தடவை அடித்த சொல்லை அதுவே கோப்பில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த தடவை முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்தாலே மீதியை அது நிரப்பிவிடும். நாளாக ஆகச் சொல் பெருகும். நீ எதையும் சேர்க்க வேண்டாம். வரி முடிந்ததும் பீப் என்று ஒலிக்கும். நீ வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவர் கூப்பிடலாம்.

நான்கு பக்கம் வருகிறது. உன் கைக்கு ஒரு மத்தியான வேலை. அடித்துவிட்டு எழுது. அவர் முதலில் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் வாண்டு

---

மே 19

அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் பண்ணினால் அந்தப் பெண், "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று வைத்துவிடுகிறாள்.

கொதிகலனை நிறுத்திப் பழுதுபார்க்கிறோம். லீவு கேட்டால் மேலே கீழே பார்க்கிறார்கள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? புரோகிராம் ஓடவில்லையா? எந்த வரியில் நிற்கிறது என்று மட்டும் எழுது.

வாண்டு

---

மே 28

அன்புள்ள வாண்டுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவரும் அப்படியே. உன்னைக் கலங்கவைத்ததற்கு வருத்தப்படுகிறேன்.

நீ அனுப்பியதை, வந்த அன்றைக்கே அடித்து முடித்துவிட்டேன். முதல் தடவையிலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. பிறகு அணைத்து வைத்தேன். அவரிடம் காட்டவில்லை. அவர் தூங்கும் நேரத்தில் நான்தான் அதில் உட்கார்ந்து ஏதாவது அடிக்கிறேன். அடித்துப் படித்துவிட்டு அழிக்கிறேன்.

காரணம் கேட்பாய். நீ இந்த வேலைக்குக் கிளம்பியபோது வீட்டில் விருந்து வைத்தோமே, அது உனக்கு நினைவிருக்கும். தட்டுகளை எடுக்க வந்தேன். உன் மாமா எழுந்து நின்று என்னைக் கைகாட்டி, "அடுத்த உருப்படி. ஒரே ஆள் உபயோகிச்சது. கால் கொஞ்சம் ஆடும், பாலிஷ் போயிடுச்சு. ஆனா சத்தம் வராது, அதுக்கு நான் கேரண்டி. யார் கேக்கிறீங்க? ஒருதரம், ரெண்டுதரம்... ஒருத்தரும் இல்லையா? சரி, வேற வழி? நானே வச்சுக்கிறேன்" என்றார். வீடே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். தட்டைக் கீழே போடாமல் உள்ளே கொண்டுபோக வேண்டுமே.

அது ஒரு நாள் இல்லை. விருந்தாளி வந்த நாளெல்லாம் ஏலம் உண்டு. யாரும் வராத நாளில் சமையலுக்கு ஏலம், நான் கட்டிய புடவைக்கு ஏலம், நான் பேச வாயெடுத்தால் அந்தப் பேச்சுக்கு ஏலம். கை நீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன். சிரிக்கவைக்கிறவரைப் பற்றிப் போய் யாரிடம் என்ன புகார் சொல்வது? கொடுத்துவைத்தவள், வீடே கலகலப்பு என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்.

இப்போது அவருக்கு ஒன்பது சொல் இருக்கிறது. அதில் திட்ட ஒன்றும் இல்லை, கூப்பிட ஒன்றும் இல்லை. யோசித்துத்தான் போட்டேன். அந்த அமைதியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, பசித்தது, தூக்கம் வந்தது. நீ அனுப்பியதை ஓடவிட்டால் சொல் தானாகப் பெருகும் என்கிறாய். பீப் என்று கூப்பிடும் என்கிறாய். அப்புறம் நான் எங்கே போவேன்?

ஒரு மனுஷரின் வாயைக் கட்டிவைத்திருக்கிறேன் என்று தெரிகிறது. விசைகளைத் தேடுகிற அந்த விரலைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் எழுந்து போய் அதைத் தொடங்கிவைக்க என்னால் முடியவில்லை. புத்தி சொல்லி எழுதாதே.

அக்கா

---

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. சாப்பிடு.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அந்த விருந்து நினைவிருக்கிறது. 'ரெண்டுதரம்' என்று மாமாவோடு சேர்ந்து கத்தியது நான்தான். நீ எழுதவில்லை, ஆனால் உனக்கும் அது நினைவிருக்கும். அன்று தட்டுகளோடு நீ உள்ளே போனபோது உன் முதுகைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

மாமாவின் மேல் எனக்கிருக்கிற பிரியம் இன்னும் போகவில்லை. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். உன்மேல் கோபமும் வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, அதைச் செய்திருக்கிறேன். ezhuthu-வில் ஒரு இடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். இனி அது தானாக ஒலிக்காது. தொடங்கும்போது ezhuthu sol.txt mani என்று மூன்று சொல்லாகக் கொடுத்தால்தான் பீப் வரும். mani இல்லாமல் தொடங்கினால் சத்தமில்லாமல் கிடக்கும். நீ வந்து பார்க்கிறபோது பார்த்துக்கொள்ளலாம். எப்படித் தொடங்குவது, தொடங்குவதா வேண்டாமா, எல்லாம் உன் கையில். நான் கேட்க மாட்டேன்.

ஆகஸ்டில் லீவு கிடைக்கும். நான் வந்து மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீ எங்காவது போய் இருந்துவிட்டு வா. இங்கே என் வீடு சும்மாதான் கிடக்கும்.

உன் வாண்டு

---

ஜூலை 14

அன்புள்ள வாண்டுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் நடந்தது போதும், உட்கார்.

உன் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் அந்தப் பெண்ணைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் வாயால் சொன்னேன். விருந்து, புடவை, சமையல், எல்லாம். அவருக்கு முன்னால் அந்தப் பழைய pesu ஓடிக்கொண்டிருந்தது. 'இல்லை' என்று அழுத்தினார். நான் நிறுத்தவில்லை. 'இல்லை', 'இல்லை' என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 'போதும்' என்று வந்தது. "போதாது" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. சொல்லி முடித்தேன்.

முடித்த பிறகு பார்த்தால் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேடையில் நிற்பவர் மட்டும் பேச, கேட்பவர் வாயில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "நீங்க பதில் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரேயே புதியதைத் தொடங்கினேன். mani சேர்க்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். வியர்த்துப்போனார். கடைசியில் வந்தது, 'எல்லாரும் சிரிச்சாங்களே.'

"எனக்கு வேற வழி தெரியலை, அதனால சிரிச்சேன்" என்றேன்.

நீ நினைப்பதுபோல் மன்னிப்பெல்லாம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, 'கஞ்சி ஆறிப்போச்சு'. "சூடு பண்ணித் தரேன், ஆனா கேக்கிற விதத்துல கேளுங்க" என்றேன். அன்றிலிருந்து தினமும் சண்டைதான். அவர் ஒரு வரி அடிப்பதற்குள் நான் நாலு வரி பேசிவிடுகிறேன். அவர் கோபத்தில் எழுத்தைத் தப்பாக அடிக்கிறார்; அந்தத் தப்பும் கோப்பில் ஏறிக்கொள்கிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப்பார்த்து, "என்னங்க, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். "பேசிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அச்சகத்தில் முழுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கடைக்கு என்று சொல்லவில்லை. "வேலைக்குப் போறேன், சாயங்காலம் வருவேன்" என்றேன். 'போக வேண்டாம்' என்று வந்தது. "போறேன்" என்றேன். 'எனக்கு யாரு?' என்று வந்தது. அந்தப் பெண் இருப்பாள், கூப்பிட்டால் வருவாள் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த ezhuthu-வை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். mani சேர்த்துத்தான் தொடங்கினேன். தெருமுனை வரைக்கும் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பிப் போகவில்லை.

அன்று முழுக்க எழுத்துக்களைத் தப்புத்தப்பாக அடித்தேன். மேனேஜர்கூட, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மத்தியானத்துலேர்ந்து ஐயா எழுதி வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. திரையை அணைக்க விடமாட்டேங்கிறாரு" என்றாள் அந்தப் பெண். என்ன திட்டு காத்திருக்கிறதோ என்று போய்ப் பார்த்தேன்.

'வேலை எப்படி இருந்தது?'

வாண்டு, இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அவரிடமே தயாராக இருக்கும். இதற்கு மட்டும் இல்லை. நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

முகம் கழுவினேன், தண்ணீர் குடித்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மெஷினின் சத்தம், மேனேஜரின் மூக்குக்கண்ணாடி, நான் செய்த தப்புகள் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு வருவதற்குள் அவர் விரல் விசைகளின் பக்கம் போயிற்று. விசைப்பலகையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இருங்க, நான் முடிச்சுக்கிறேன்" என்றேன். விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்.

முழுவதையும் சொல்லி முடித்த பிறகு அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் வா. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், எங்களைப் பார்க்க வா. வரும்போது காதுக்குப் பஞ்சு கொண்டுவா.

உன் அக்கா